பூட்டிய கழிப்பறைக்குப் பூங்கொத்து

எங்கள் பகுதியின் கழிப்பறைத் திறப்பு விழாவில் பூங்கொத்து கொடுத்தவள் நான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு சிறு நகரத்தில், வாய்க்கால் கரைப் புறம்போக்கில் எங்கள் வீடு இருந்தது. முப்பது நாற்பது தகரக் கூரைகள். நாங்கள் அதைத் தெரு என்போம். அலுவலகக் காகிதத்தில் அது ஆக்கிரமிப்பு. அம்மா விடிந்தும் விடியாமல் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார். அதற்கும் முன்னால் எழுந்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு கரைக்கு அந்தப்பக்கம் கருவேலங்காட்டுக்குள் போய்வருவார். எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது.

எனக்கு எட்டு வயதானபோது ஒருவழியாகப் பொதுக்கழிப்பறை கட்டினார்கள். நீலக் கதவு, மஞ்சள் டைல்ஸ். திறப்பு விழாவுக்குப் பந்தலும் மைக்செட்டும் வந்தன. வெளியூர்ப் பெரியவர் ஒருவர் ரிப்பன் வெட்டினார். பக்கத்து வீட்டுப் பட்டுப்பாவாடையில் நான் பூங்கொத்தை நீட்டினேன். படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். கார்கள் கிளம்பியதும் ஒரு ஆள் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தண்ணிக் குழா இன்னும் வரல. வந்ததும் தொறந்துவிடுவாக."

மழைக்காலம் வந்தது, குழாய் வரவில்லை. பெண்கள் மூன்று முறை பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். மூன்று முறையும் அதிகாரி மீட்டிங்கில் இருந்தார்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, அப்போது நிறைமாதம். ஒரு விடிகாலையில் கரைச் சேற்றில் வழுக்கி வாய்க்காலுக்குள் விழுந்தார். கை முறிந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டே இருந்தாராம். வீடு திரும்பியதும் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு நேரே கழிப்பறைக்குப் போனார். நான்கே அடியில் பூட்டு தெறித்தது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துவந்து கழுவினார்கள். நாலு நாள் நாங்கள் மனிதர்களைப்போலக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஐந்தாம் நாள் அதிகாரி ஒரு போலீஸ்காரரோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டில் இருந்தார்.

"பூட்ட ஒடச்சது யாரு?"

தெருவே வாய் திறக்கவில்லை. அதிகாரியின் பார்வை என்மேல் விழுந்தது. சிரித்தார்.

"அன்னைக்குப் பூக்குடுத்த பிள்ளதானே நீ? நீ சொல்லு ஆத்தா, இதத் தொறந்தது யாரு?"

அவர் என்னை நினைவில் வைத்திருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. வெறும் ரிப்பன் வெட்டியவருக்கே அவ்வளவு கைதட்டல் என்றால், நிஜமாகவே திறந்துவிட்ட அம்மாவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நினைத்தேன். கையை நீட்டிக் காட்டினேன்.

"எங்க அம்மாதேன்."

அம்மா முன்னால் வந்தார். "ஆமா, நாந்தேன். நெறமாசக்காரி வாய்க்கால்ல விழுந்து கெடந்தாளே, அப்ப நீங்கள்லாம் எங்கன போயிருந்தீக?"

"அத ஸ்டேசன்ல வந்து சொல்லு" என்றார் அதிகாரி. அம்மாவைவிடப் பத்து வயதாவது இளையவர்.

பொழுது சாயும்வரை அம்மாவை ஸ்டேஷன் வராந்தாவில் உட்காரவைத்து, இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவர் வருவதற்குள் நீலக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. அம்மா என்னை அடிக்கவில்லை. "பச்சப்பிள்ளகிட்டப் போயிக் கேக்குறான் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் கருவேலங்காட்டை அழித்து, மனையிடம் என்று கல் ஊன்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மாவும் அக்காவும் மத்தியானத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். தகரம் கொதிக்கிற சித்திரையிலும் சொம்பைத் தொடமாட்டார்கள். சாமிக்கு ஏதோ நேர்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் கடுமையான விரதம் நடக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருத்தியிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.