எக்கோ அறைக்குள் போகக் கூசினேன், ஆத்தா கூட வந்தாள்

மாரியாத்தாளை நம்பிப் பிழைக்கிற அக்கா தங்கச்சிமாருக்கும், அண்ணன் தம்பிமாருக்கும் செல்லம்மாளின் கும்பிடு. வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். நாலு பேர் கூடிவிட்டால் என் வாய் ஓயாது. என் மருமகள் கவிதா, "எங்க அத்தைக்குத் தண்ணியைத்தான் டாக்டர் கொறைக்கச் சொல்லியிருக்காரு, பேச்சைக் கொறைக்கச் சொல்ல மறந்துட்டாரு" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை மட்டும் ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். இப்போது எழுதுகிறபோதும் கை கூசுகிறது. ஆனாலும் ஆத்தா செய்த உதவியை மறைத்தால் அது அதைவிடப் பெரிய வெட்கம்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது, பிரஷரும் உண்டு. இரண்டும் சேர்ந்து கிட்னியைக் கெடுத்துவிட்டன. டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை, மாத்திரையில் ஓடுகிறது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கத்தாரில் இருக்கிறான். வீட்டில் நானும் கவிதாவும்தான்.

கிட்னி கெட்டால் தோல் அரிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மார்பிலும் வயிற்றிலும் அப்படி ஒரு அரிப்பு. சீப்பை எடுத்துச் சொறிவேன், ரத்தம் கசியும், காய்ந்து கருப்பாகத் தழும்பு விழும். கண்ணாடி முன்னால் நின்று என் உடம்பை நானே பார்க்கமாட்டேன். கவிதா துணி துவைக்கும்போது ஜாக்கெட்டில் கறை தெரியக்கூடாது என்று நானே முதலில் அலசிப் போட்டுவிடுவேன். தொத்து வியாதி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஒரு பொம்பளை தன் மாரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

போன ஆடி மாதம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மோட்டார் கொட்டகைக்கு நடந்தால் பாதி வழியில் உட்கார வேண்டும். படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்துகொண்டே தூங்குவேன். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கவிதா விடவில்லை. புதுக்கோட்டையில் கிட்னி பார்க்கிற டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு நர்சம்மா ஈசிஜி எடுத்தார். சேலையை விலக்காமல் உள்ளே கையை விட்டே ஒட்ட வைத்துவிட்டதால் எனக்குக் கூச்சம் தெரியவில்லை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, கிட்னி கெட்டவங்களுக்கு இருதயமும் சேந்து கெடும். ஒங்களுக்குச் சுகரும் இருக்கு. நெஞ்சு வலிக்கணும்னு காத்திருக்காதீங்க, வலியே இல்லாமகூட உள்ள நடக்கும். மூச்சு வாங்குது பாருங்க, அதான் அறிகுறி. எக்கோ எடுத்துட்டு வாங்க."

எக்கோ என்றால் நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, கையில் பிடித்த கருவியால் அழுத்தி, இருதயம் அடிப்பதை டிவியில் பார்ப்பது. உள்ளே போனேன். ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். என் மகனைவிடச் சின்னவன். "ஜாக்கெட்டைக் கழட்டிட்டு, இந்தத் துணியைப் போத்திக்கிட்டு, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்றான், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. அந்தத் தழும்புகளை நினைத்தேன். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

"என்னத்த, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றாள் கவிதா.

"பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டவள், அந்தப் பக்கம் போகாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டினேன். பாவம், என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். பஸ்ஸில் எல்லோர் காதும் கேட்க என்னைத் திட்டினாள்.

"அங்க வரிசைல ஒக்காந்திருந்த அத்தனை பொம்பளைகளும் மானம் கெட்டவங்களா? ஒங்களுக்கு மட்டும்தான் மானம் இருக்கா?"

"மெதுவாப் பேசுடி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். ஒங்க மகன் போன் பண்ணி என்னையத்தான கேப்பாரு? எங்கம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்ல? கூச்சப்பட்டுச் செத்துப்போனாகன்னு சொல்லவா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்கு என் தழும்பு தெரியாது.

அதற்குப் பிறகு உடம்பு வேகமாகக் கெட்டது. இரண்டு வாய் கஞ்சி குடித்தாலே வயிறு கல்லாகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை காலை கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் மனசுக்குள் அழுதேன். என்ன கேட்டேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். உயிரைக் கேட்கவில்லை. "ஆத்தா, அந்த ரூம்ல ஒரு பொம்பளைய ஒக்கார வை. இல்லாட்டி என்னைய இப்படியே எடுத்துக்க. இந்த அசிங்கத்த ஒரு ஆம்பள பாக்க வேணாம்." இதுதான் என் வேண்டுதல்.

அபிஷேகம் முடிந்து திரை போட்டிருந்தார்கள். திரைக்கு உள்ளே பூசாரி ராமையா அண்ணன் ஆத்தாளுக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் எங்கள் தெரு ராக்கம்மா. அவள் சும்மா இருக்கமாட்டாள்.

"பூசாரியண்ணே, மடிப்பு ஒழுங்கா வச்சுக் கட்டுங்க. போன வாரம் முந்தானை அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு."

திரைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "நீ ஒஞ் சேலையைப் பாரு ராக்கம்மா. எங்கப்பா காலத்துலேருந்து இவளுக்கு நாங்கதான் குளிப்பாட்டி, தொடச்சு, சேலை கட்டுறோம். ஒரு நாளும் கொறை சொன்னதில்ல. பெத்த தாய்க்குச் செய்யிற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாழ்நாள் முழுக்க அந்தத் திரைக்கு வெளியே நின்று கும்பிட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது ஒரு ஆண்பிள்ளை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. உலகத்துக்கே தாயானவள், செய்கிறவன் கையை நம்பி நிற்கிறாள். அவளைவிட என் மானம் பெரிதா? நான் கேட்டது ஒரு பொம்பளையை. ஆத்தா எனக்குக் காட்டியது தன்னையே. வெட்கத்தில் அந்த இடத்திலேயே தலை குனிந்துவிட்டேன். இதுவரை பட்டது உடம்பு வெட்கம். அன்றைக்குப் பட்டது மனசு வெட்கம்.

திரை விலகி, தீபம் காட்டினார்கள். கும்பிடக் கையைத் தூக்கினேன். மூச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் தளும்புகிற மாதிரி ஒரு சத்தம். கவிதாவின் சேலையைப் பற்றி இழுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தப் பையன்கிட்டயே கூட்டிட்டுப் போ."

ராமையா அண்ணன் திருநீறு பூசிவிட்டார். ராக்கம்மா மகனின் ஆட்டோவில் கொண்டு போனார்கள். ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டு, கொஞ்சம் மூச்சு திரும்பியதும் அதே அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே பையன். என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"அன்னைக்கு ஓடிப்போன அம்மாதான நீங்க?"

"ஆமாப்பா. இன்னைக்கு ஓடுறதுக்குத் தெம்பு இல்ல."

சிரித்துவிட்டான். கவிதா உள்ளேயே நின்று துணியைப் போர்த்திவிட்டாள். ஜாக்கெட்டை அவிழ்த்தபோது என் மார்பை முதன்முதலாகப் பார்த்தாள். "அத்த…" என்றாள், என் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "ஆத்தா, ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். அந்தப் பையன் கருவியை வைத்து அழுத்தியபடி, சாதாரணமாகக் கேட்டான்:

"அரிப்புக்கு டாக்டர்கிட்டச் சொன்னீங்களாம்மா? கிட்னி பேஷண்ட் நெறையப் பேருக்கு இது இருக்கு. மருந்து இருக்கே."

அவ்வளவுதான். என்னை ஒரு வருஷம் தின்ற விஷயம் அவனுக்கு ஒரு வரிப் பேச்சு. கண்ணீர் காதுக்குள் ஓடியது. "அசையாதீங்கம்மா, படம் ஆடுது" என்றான்.

இருதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டமாப் போயிருக்கும்" என்று டாக்டர் கவிதாவிடம் சொன்னாராம். இருதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற ஆஞ்சியோ எடுக்க ஒரு மருந்து செலுத்துவார்களாம், அதை என் கிட்னி தாங்குமா என்று யோசித்து, முதலில் மாத்திரையிலேயே பார்ப்போம் என்றார். நான் ஆத்தா மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். உப்பைக் குறைத்தேன். தண்ணீரை அளந்து குடிக்கிறேன். தினம் காலையில் எடை பார்க்கிறேன், திடீரென்று ஏறினால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அரிப்புக்கும் மருந்து கொடுத்தார்கள். முழுக்கப் போகவில்லை, ஆனால் தூங்க விடுகிறது. வீக்கம் வடிந்து, இப்போது படுத்துத் தூங்குகிறேன். நோய் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆத்தா நாள் கொடுத்திருக்கிறாள்.

கூச்சமும் முழுக்கப் போகவில்லை. இப்போதும் அந்த அறை வாசலில் ஒரு நிமிஷம் கால் தயங்கும். "ஆத்தா, வா" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

போன வாரம் இலுப்பூரிலிருந்து கவிதாவின் அம்மா போனில் பேசினார். அவருக்கும் சர்க்கரை, கிட்னியும் லேசாகக் கெட்டிருக்கிறது.

"ரெண்டு தலகாணி வச்சாத்தான் தூங்க முடியுது சம்பந்தி. வயசாயிருச்சுல்ல" என்றார்.

என் தழும்பு முதல் அந்தப் பையன் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளப் புள்ளதான். துணி போத்திவிடுவாங்க. நான் ஒங்க தலமாட்டுல நிக்கிறேன்."

"திங்கக்கெழமை வரவா?" என்று கேட்டார்.

இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிமாரே, உங்களில் யாராவது உட்கார்ந்துகொண்டே தூங்குகிறீர்களா? கால் வீக்கத்தைச் சேலைக்குள் மறைக்கிறீர்களா? ஆத்தாளிடம் அழுங்கள், கேட்பாள். அழுது முடித்ததும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நான் வருகிறேன்.