அக்காவுக்குப் பிடிபடாத ரத்தம்

என் அக்காவுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. துருவித் துருவிக் கேட்பது அவள் குணம். சின்ன வயதில், பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ரேடியோவைக் கழற்றிப் போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அவள் கணவர், பஸ் ஓட்டும் எங்கள் மாமா, திடீரென்று இளைத்தார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வையே போயிருந்தது. அக்கா மறுநாள் காலையே அவரை நிலையத்துக்கு இழுத்துப் போனாள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தாள். சர்க்கரை எகிறியிருந்தது. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி சோதனை, எல்லாம் சரி என்றது.

மாமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “மூணு மாசமும் ஒழுங்கா இருந்திருக்கேன்னு மெஷினே சொல்லுது. ஒருநாள் காலைல ஏறினதுக்குப் போய் ஊரைக் கூட்டுற!”

அக்கா மெஷினைச் சந்தேகப்பட்டாள். தன் ரத்தம், என் ரத்தம் எல்லாம் போட்டுப் பார்த்தாள். நான் என்ன பாவம் செய்தேனோ, இரண்டு தடவை குத்து வாங்கினேன். மெஷின் மேல் குற்றமில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அவள் கண்ணில் ரேடியோவைக் கழற்றிய அதே ஆர்வம்.

கடைசியில் நிலையத்து டாக்டரம்மாவைப் பிடித்தாள். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “உங்க வீட்டுக்காரருக்குச் சமீபத்துல ரத்தம் ஏதும் போச்சா?”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். விட்டால் வாராவாரம் ரத்ததானம் செய்யக்கூடியவர் மாமா. அனுமதிக்கும் நாள் வந்ததும் முதல் ஆளாகப் போய்ப் படுத்துவிடுவார். போன மாதமும் கொடுத்திருந்தார். சிவப்பணுவில் நாள்பட நாள்படத்தான் சர்க்கரை ஒட்டும். அந்தச் சோதனை அளப்பது அதைத்தான். கொடுத்த ரத்தத்துக்குப் பதிலாக நேற்றுப் பிறந்த அணுக்கள் வந்து கலந்தால் சராசரி இறங்கத்தானே செய்யும்? ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கும் வேறொரு சோதனை வைத்தார்கள். சர்க்கரை பல வாரமாகவே ஏறியிருந்த குட்டு வெளிப்பட்டது.

விடை கிடைத்த சந்தோஷம் வீட்டு வாசல் வரைகூட நிலைக்கவில்லை. அக்கா சொல்லி முடித்ததும் மாமாவின் முகம் வெளுத்தது. தன் கண்ணைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தோம்.

“அப்போ நான் ரத்தம் குடுத்தவங்களுக்கெல்லாம் இது ஒட்டியிருக்குமா?”

அக்கா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அழுகைதான் வந்தது.

“ரத்தத்துல ஒட்டுற நோயில்லைங்க இது. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஊருக்கெல்லாம் குடுத்தது போதும். இனி எனக்குக் கொஞ்சம் உங்களைக் குடுங்க.”