இரண்டாம் வரிசை, ஓரக்கல்

குழியில் ஒன்றுமில்லை. இடுப்பளவு தோண்டினார்கள், ஆளுயரம் தோண்டினார்கள். மண்வெட்டி படாத மண்தான் வந்தது. சுற்றி நின்ற இரு நாட்டு அதிகாரிகள் முகத்திலும் ஈயாடவில்லை.

ராணுவக் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் தோட்டக்காரம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குழியின் தலைமாட்டுக் கல்லைத் துடைத்தவள், புல் வெட்டியவள், பூச்செடி வைத்தவள் அவள்தான். அண்டை நாட்டிலிருந்து போரில் துணைக்கு வந்து விழுந்த சிப்பாய்களும் நம்மவர்களும் ஒரே வரிசையில் கிடப்பதை, வருகிறவர்களிடமெல்லாம் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாள். ஆண்டுதோறும் இரண்டு கொடியும் ஏறும். இந்த ஆண்டு அந்த அண்டை நாட்டுச் சிப்பாய்களில் ஒருவரைத் தோண்டியெடுத்து மரியாதையோடு ஊருக்கு அனுப்ப ஏற்பாடு. கூட்டிப்போக வந்த மகனுக்கே தலை நரைத்திருந்தது. அவர் குழியை வெறித்துவிட்டு, அரைகுறையாகத் தெரிந்த நம் மொழியில் அவளிடம் கேட்டார்:

"அப்பா எங்கம்மா?"

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

தோட்டத்து ஓரத்திலேயே வீடு. காவலாளியான அவள் புருஷன் அடுப்படி வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி?"

"கதவைச் சாத்து. எங்கப்பா இங்க காவலாளியா இருந்தப்ப, பெரிய மனுஷங்க வர்றாங்கன்னு சொன்னாங்க. வரிசை பாம்பு மாதிரி வளைஞ்சு கிடந்துச்சு. நூல் பிடிச்சுக் கல்லையெல்லாம் நேராக்கினாங்க. நூல் பிடிச்சதே நான்தான், சின்னப் பையன். இன்னிக்குக் குழியைப் பார்த்ததும்தான் உறைச்சுது."

"கல்லை நகத்தினாங்க, சரி. ஆளை?"

"ஆளை யாரு நகத்துவா?"

"அந்த ஓரக்கல்லு முன்னாடி எங்க இருந்துச்சு?"

அவன் கண் அடுப்படிக்குப் போய் வந்தது. காலி இடம்தானே என்று அங்கேதான் பிற்பாடு இந்த வீட்டைக் கட்டினார்கள்.

அடுப்படித் தரையில் நின்றிருந்தவள் சட்டென்று ஒரு காலைத் தூக்கினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். இந்தத் தரையில்தான் மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். கோபம் வந்தால் பாத்திரத்தை நங்கென்று போட்டதும் இங்கேதான். எத்தனை முறை அந்த மனுஷன் தலைமாட்டில்!

"வாயைத் திறக்காதே," என்றான் அவன். "தோண்டினா வீடு போயிடும். நமக்கு வேற போக்கிடம் இருக்கா? மண்ணு கரைச்சிடுச்சுன்னு அவங்களே முடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க."

பொய்யில்லை. சொந்தமென்று சொல்ல ஒரு கூரை கிடையாது. பேசாமல் இருந்தால் இது தங்கும்.

"அவரு அத்தனை பேரை விட்டுட்டு என்கிட்டதான்யா கேட்டாரு," என்றாள். "இனிமே நான் எங்க நின்னு சமைக்கிறது?"

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதைக் கேட்டு அதிகாரி பேனா மூடியைக் கடித்தார். "இடிக்க வேண்டி வரும்மா. மாத்து வீடு எப்பக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரங்களை வெளியே அடுக்கினான். நரைத்த மகன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரக் கால் எழாமல் நின்றார்.

"வாங்க," என்றாள். "அடுப்பை இப்பத்தான் அணைச்சேன். சூடு இருக்கும், பார்த்து."