முதல் பாதி அக்காவுக்கு

அந்தத் தெருவில் தலைவலி மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "கொலைகார அக்கா கடையில கேளுங்க" என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் மிரண்டு போவார்கள். அப்புறம்தான் விஷயம் விளங்கும். மருந்துக்கடை நடத்தும் அந்த அம்மாள் துப்பறியும் நாவல் எழுதுகிறவள். மதியம் கடை காற்று வாங்கும் நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தாளில் யாரையாவது தீர்த்துக்கட்டிக்கொண்டிருப்பாள். இருமல் மருந்துக்கு ஆள் வந்தால், செத்தவனை அப்படியே கிடத்திவிட்டு எழுந்து வருவாள்.

வருஷக் கடைசியில் ஒரு பத்திரிகை அவளிடம் கட்டுரை கேட்டு வாங்கும். அந்த ஆண்டு படித்ததில் அவளுக்குப் பிடித்த சரித்திரக் கதைகள், மர்மக் கதைகள் எவை என்று எழுத வேண்டும். அவள் நாவலைத் தொடாதவர்கள்கூட அதை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார்கள். காரணம், அவள் மனசுக்குப் படாததை எழுதமாட்டாள். புத்தகம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களைச் சேர்த்து, மருந்து அட்டை கட்டும் ரப்பர் பேண்டைப் போட்டுவிடுவாள். கண் தப்பித்தவறி அங்கே போய்விடக் கூடாதல்லவா! குற்றவாளி இன்னார் என்று தோன்றியதும் பென்சிலால் ஓரத்தில் குறிப்பாள். முடித்த பிறகு, திரும்ப முதல் பக்கத்துக்குப் போக மனசு வருகிறதா என்று பார்ப்பாள். "யார் செய்தது என்று தெரிந்த பிறகும் மறுபடி கூப்பிடுகிற கதைதான் எனக்குப் பிடித்த கதை" என்று வருஷம் தவறாமல் எழுதுவாள்.

இந்த வருஷம் அவள் மனசில் இரண்டு புத்தகங்கள் முடிவாகியிருந்தன. ஒன்று, பாய்மரக் கப்பல் கட்டும் பட்டறையில் புருஷனுடைய வேலையை எடுத்துச் செய்யும் விதவையின் கதை. கப்பல் மூழ்கப்போகிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் அந்தப் பெண் ஒவ்வொரு ஆணியாக அடிக்கும்போது, இது கரை சேர்ந்துவிடாதா என்று படிக்கிறவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்னொன்று, பல் டாக்டர் வீட்டில் காணாமல் போன பல்செட்டை வைத்துத் துப்புத் துலக்கும் கதை. குற்றவாளி யார் என்று அவளுக்கு ஆரம்பத்திலேயே பிடிபட்டுவிட்டது. ஆனாலும் துப்புத் துலக்கும் நர்ஸின் வாய்த்துடுக்குக்காக அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவதாக ஒரு புத்தகம் வேண்டும். அதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பார்சல் வந்தது.

பிரித்தால், உள்ளே பாதிப் புத்தகம். நடுமுதுகில் பிளேடு போட்டு நேராக அறுத்த முதல் பாதி. அட்டையில், எழுதியவர் என்று தம்பியின் பேர்.

உலகத்தில் வேறு யாருக்காக இருந்தாலும் அந்தப் பார்சல் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் அதன் அர்த்தம் தெரியும். சின்ன வயதில் அப்பா பழைய பேப்பர் கடையிலிருந்து துப்பறியும் நாவல்களை எடைக்கு வாங்கி வருவார். எனக்கு முதலில், எனக்கு முதலில் என்று அக்காவும் தம்பியும் மயிரைப் பிடித்துக்கொள்வார்கள். சத்தம் தாங்காமல் ஒரு நாள் அப்பா பிளேடை எடுத்துப் புத்தகத்தை நடுவில் அறுத்துவிட்டார். "ஆளுக்குப் பாதி. படிச்சிட்டு மாத்திக்குங்க. இனிமே ஒரு சத்தம் வரக்கூடாது." அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. மூத்தவள் என்பதால் முதல் பாதி எப்போதும் அக்காவுக்கு.

அப்படி ஒட்டியிருந்தவர்கள்தான் பிரிந்து கிடந்தார்கள். அவளுடைய முதல் நாவல் வெளியான அன்று, வாடகைக்கு எடுத்த கூடத்தில் தம்பியையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் பூட்டு ரிப்பேர்க் கடைக்காரன், மேடை ஏறிப் பழக்கமில்லாதவன். புதுச்சட்டையில் வேர்த்து விறுவிறுத்து நின்று, பெருமை தாங்காமல் சொன்னான்: "எங்கக்கா அந்தப் பாட்டு வாத்தியாரை எவ்வளவு நல்லவரா எழுதியிருக்கா தெரியுமா! அவர்தான் கழுத்தை நெரிச்சாருன்னு கடைசி வரைக்கும் மூச்சு விடலையே!"

கூடம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தது. விற்பனைக்கு வைத்த பெட்டிகள் கட்டுப் பிரிக்காமலே வீடு திரும்பின.

"என் பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடா!" என்றாள்.

"நான் பெருமையாத்தானேக்கா சொன்னேன்" என்று விழித்தான்.

அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சை நிறுத்துவது அந்தக் குடும்பத்துக்குக் கைவந்த கலை. அவள் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு மர அலமாரிக்காக முகம் பார்க்காமல் போனவர்கள். பெரியப்பாவின் மூத்த மகள் கல்யாணத்தில்கூட, சின்னத் தாத்தாவை நடுவில் நிறுத்தி, "அவரைச் சாப்பிடச் சொல்லுங்க", "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றுதான் நடந்தது. பெரியப்பா கண்ணை மூடிய அன்று அப்பா ஓடினார். உடம்பு கிடந்த அறையில் அந்த அலமாரியும் நின்றது. அப்பா அதன் கதவைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து, "இதுக்குள்ள என்ன இருந்துச்சு? இதுக்குள்ள என்ன இருந்துச்சு?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அப்போது பாவாடை கட்டும் வயது. அந்தக் குரல் இன்னும் அவள் காதில் இருந்தது.

பாதிப் புத்தகத்தை அவள் கடையிலேயே படித்தாள். எதிரிகள் சூழ்ந்த ஒரு கோட்டை. விடிந்து பார்த்தால் பெரிய கதவு திறந்து கிடக்கிறது. பூட்டு உடையவில்லை. உள்ளேயிருந்துதான் யாரோ திறந்திருக்கிறார்கள். தளபதியா, சமையல்காரியா, ராஜாவின் கிழட்டு மாமனா? காலாட்படை, யானைப்படை என்று சண்டைதான் இழுத்துக்கொண்டே போனது. ஆனால் கதவு வருகிற இடமெல்லாம் ஜீவனாக இருந்தது. ஓரத்தில் சமையல்காரியின் பக்கத்தில் பென்சில் குறி போட்டாள். "காவலன் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். அங்கே நின்றிருந்தது" என்ற இடத்தில் பிளேடு விழுந்திருந்தது.

பத்திரிகையிலிருந்து போன் மேல் போன். முழுதும் படிக்காத புத்தகத்தைப் பற்றி அவள் எழுதியதில்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் வீட்டுக்காரர் சாப்பிடும்போது மெதுவாக எடுத்தார். "மச்சான் புத்தகம் கடையில முழுசாக் கிடைக்குது. வர்ற வழியில வாங்கிட்டு வரவா?"

"வேண்டாம்."

"அப்ப மீதியைக் கனவுல படிப்பியா?"

"நீங்க சும்மா இருங்க."

"சும்மாதான் இருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். முடிவு தெரிஞ்சாலும் மறுபடி கூப்பிடுறதுதான் நல்ல கதைன்னு எழுதுறியே, அப்ப பாட்டு வாத்தியார் கதை விக்காததுக்கு அவன் மேல ஏன் பழி?"

அவளுக்குச் சுருக்கென்றது. "என் கட்டுரையெல்லாம் நீங்க எப்பப் படிச்சீங்க?"

"பிள்ளைங்க வகுப்பு விட்டு வர்ற வரைக்கும் வேன்ல வேற என்ன வேலை?"

பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. முதல் பாதியை எப்போதும் அவளே எடுத்துக்கொண்டதால், தம்பி ஒவ்வொரு கதையையும் பின்பாதியிலிருந்தே படித்து வளர்ந்தான். கொலைகாரனைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவனுக்குக் கதையே தொடங்கும். மேடையில் அவன் முடிவைச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ஆரம்பத்தைச் சொன்னான். அப்படிப் பழக்கிவிட்டது யார்? அவள் ஈரக்கையோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் மருந்துக்கடையை மூடிவிட்டு, பூட்டுக்கடை வாசலில் போய் நின்றாள். தம்பி ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்ததும் அரம் கையிலிருந்து நழுவியது.

"மீதி எங்கேடா?" என்றாள்.

அவன் பழைய சாவிகள் கிடந்த இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய பாதியை எடுத்து நீட்டினான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

உள்ளேயிருந்து வந்த தம்பி பெண்டாட்டி, "அண்ணி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் புருஷனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "பக்கத்துல நிக்காதீங்க. உங்க வாய் சும்மா இருக்காது."

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"மூஞ்சியே சொல்லுது. போங்க அங்கிட்டு!"

அவன் தெருவில் இறங்கி நடந்தான், திரும்பி வந்தான், எட்டிப் பார்த்தான். "எந்தப் பக்கம்க்கா? விளக்கு அணைஞ்சிருச்சா?"

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்."

கோட்டைக் கதவைத் திறந்தது யார் என்று இங்கே எழுதினால் அப்புறம் அவள் முகத்தில் விழிக்க முடியாது. சமையல்காரி இல்லை, அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தை முடித்ததும் அவள் பையிலிருந்து முதல் பாதியை எடுத்து, திரும்ப முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணைத் துடைத்த கையில் இரும்புத்தூள் இருந்ததால் முகமெல்லாம் கறுப்பானது.

கட்டுரை வந்த அன்று போன் அடித்தது.

"மூணாவதாவா? பல்செட்டுக்குக் கீழேயா என் கோட்டை?"

"யானைப்படையைப் பாதியாக் குறைச்சிருந்தா ரெண்டாவது வந்திருக்கும். நான் பொய் எழுத மாட்டேன், தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும்" என்றான். கோபத்தைவிடச் சிரிப்புதான் அதில் அதிகம்.

அந்த வாரமே அவள் தன் புது நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்து நடுவில் பிரித்தாள். பின்பாதிக்கு ரப்பர் பேண்ட் போட்டு மாத்திரை அலமாரியில் வைத்துவிட்டு, முன்பாதியை வீட்டுக்காரரிடம் கொடுத்து வேனில் அனுப்பினாள். இந்தத் தடவை முதல் பாதி தம்பிக்கு.

இரண்டு நாளில் போன். "அக்கா, அந்தக் கம்பவுண்டர்தானே? இல்ல, அவன் மாமியாரா? யாருன்னு மட்டும் சொல்லிடேன், தூக்கம் வரமாட்டேங்குது."

"மூச்சு விடமாட்டேன். வேணும்னா ஞாயித்துக்கிழமை வந்து இங்கே உக்காந்து படி."

கல்லாவுக்கு முன்னால் இன்னொரு ஸ்டூல் போட இடம் இருக்கிறதா என்று அவள் எட்டிப் பார்த்தாள்.