கிணற்றைச் சுற்றிப் போன வழி

என் தாய்வீடு சென்னிமலைப் பக்கம். முதல் பிரசவத்துக்கு அங்கே போயிருந்தேன். மகன் பிறந்து மூன்றாம் மாதம் சூலூருக்கு அருகிலிருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பியபோது ஆனிக் காற்று தொடங்கியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து சோளப்பயிரை ஒரே பக்கமாகச் சாய்க்கும் காற்று. மேற்கே மலை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது.

வண்டியிலிருந்து இறங்கும்போதே எனக்குள் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வலி இல்லை. வலி என்றால் இந்த இடம் என்று கை வைத்துக் காட்டலாம். மாட்டுக்கொட்டகை, விசைத்தறிச் சத்தம், வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார், எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தன. என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் குரல் என்னிடம் வந்து சேர்வதற்குள் மழுங்கிப்போனது. கையிலிருந்த குழந்தையைப் பார்த்தேன். அழகான குழந்தை. யாரோ பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன குழந்தை மாதிரி இருந்தான்.

நாட்கள் அப்படியே நகர்ந்தன. மாமியார் எனக்குப் பிடிக்கும் என்று அரிசியும்பருப்பும் சாதம் ஆக்கி நெய் ஊற்றித் தருவார். வாயில் வைத்தால் ஈரமான பஞ்சைப் போல இருக்கும். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. பகலில் ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்று அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. அசைவது கீற்றா நானா என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

எங்கள் கிணறு பெரியது. பாறையை வெட்டி இறக்கிய கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. வீட்டிலிருந்து தறிக் கொட்டகைக்குப் போகும் தடம் அதன் விளிம்பை ஒட்டிப் போகும். ஒரு மத்தியானம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாகப் போனேன். கீழே தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. கை நழுவிவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது: நீயே கையை விட்டுவிட்டால்?

 குழந்தையை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அதற்கப்புறம் நான் அந்தத் தடத்தில் கால் வைக்கவில்லை. சோளக்காட்டைச் சுற்றி, வரப்பு மேலேயே போவேன். அந்த நினைப்போ வீட்டுக்குள்ளும் வந்தது. அரிவாள்மனையைப் பார்த்தால் வந்தது, கொதிக்கும் வெந்நீரைப் பார்த்தால் வந்தது. குழந்தையைத் தூக்குவதையே விட்டேன். பால் கொடுக்க மட்டும் வாங்குவேன். வயிறு நிறைந்ததும் மாமியார் கையில் கொடுத்துவிட்டு எட்டப் போய் உட்கார்ந்துகொள்வேன். பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள்: "பெத்த புள்ளையத் தொட மாட்டேங்குதே, இது என்ன தாயி?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த நினைப்பு வெளியே வந்துவிடும். வந்தால் குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள், என்னை எங்கேயாவது கட்டிப்போடுவார்கள் என்று நம்பினேன்.

மாமியார் என்னைத் திட்டியதே இல்லை. காத்து கருப்பு ஏதோ பட்டிருக்கிறது என்று நினைத்தார். கயிறு கட்டினார். கொடுமுடிக்குக் கூட்டிப்போய்க் காவிரியில் முழுகவைத்தார். தலைக்கு மேல் தண்ணீர் மூடிய அந்த ஒரு கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைப்பு எதுவும் இல்லை. பழுப்பு வெளிச்சம் மட்டும்தான். மேலே வந்ததும் எல்லாம் பழையபடி வந்து ஒட்டிக்கொண்டது. படித்துறையில் என் தலையைத் துவட்டியபடி அவர் கேட்டார்: "தேவலையா கண்ணு?" அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேவலைங்க அத்தே" என்றேன்.

புரட்டாசியில் குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. நானும் என் வீட்டுக்காரரும் மாமியாருமாகக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறி ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அவர் குழந்தையைப் பார்த்தார், மருந்து எழுதினார், பயப்பட வேண்டாம் என்றார். எழுந்து கிளம்பும்போது என்னைப் பார்த்தார்.

"நீ எப்படிம்மா இருக்கே?"

அந்த மூன்று மாதத்தில் அப்படிக் கேட்டவர் அவர்தான். மற்றவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள், ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள்.  என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிறுத்த முடியவில்லை.

அவர் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகப் பேசினார். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர் இருக்கிறார், இவளை அவரிடம் காட்டுங்கள் என்றார். ஊரில் அவரை நரம்பு டாக்டர் என்பார்கள். பைத்தியத்துக்குப் பார்க்கிறவர் என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம்.

"அங்க தலையில கரண்டு வெப்பாங்களாமா" என்றார் மாமியார், பயந்துபோய்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர்.  "போய்ப் பாத்துப்போட்டே வந்தர்லாமுங்க அம்மா" என்றார்.

டாக்டரின் அறை ஒரு மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். நடுவயசுக்காரர். மற்ற இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என்னை உட்காரவைத்து, ஒன்றும் கேட்காமல் இருந்தார். வேப்பிலை நிழல் மேஜை மேல் ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

"தூங்கறீங்களா அம்மா?"

"இல்லீங்க."

"எதையோ நெனச்சுப் பயப்படற மாதிரி இருக்குது. சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. சொல்றதுனால ஒண்ணும் நடந்துராது."

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அரிவாள்மனையைச் சொன்னேன். வெந்நீரைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.

அவர் எழவில்லை. "குழந்தைக்கு எதாச்சும் செய்யோணும்னு ஆசையா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"அய்யோ! இல்லீங்க!"

"அப்புறம் ஏன் கெணத்தைச் சுத்திப் போறீங்க?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுங்க."

"அவனைக் காப்பாத்தத்தானே அவ்வளவு தூரம் சுத்திப் போறீங்க. புள்ள மேல பாசம் இல்லாதவங்க எதுக்குச் சுத்திப் போகப்போறாங்க?" என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். பிரசவத்துக்குப் பின் சில தாய்மார்களுக்கு மனம் இப்படி நோய்ப்படும். மலேரியா மாதிரி இதுவும் ஒரு நோய்தான். நீங்கள் செய்த பாவம் இல்லை, யாரும் செய்த வினையும் இல்லை. இதே நினைப்போடு இதே நாற்காலியில் பல பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், குணமாகிப் போயிருக்கிறார்கள்.

பல பேர். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கரண்டு வைக்கவில்லை, எல்லோருக்கும் அது வேண்டியதில்லை என்றார். மாமியாரையும் என் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டு, என்னிடம் கேட்டுக்கொண்டு அந்த நினைப்பைப் பற்றியும் சொல்லி, என்னைத் தனியே விடாதீர்கள், முதலில் நன்றாகத் தூங்கவிடுங்கள், எதற்கும் குற்றம் சொல்லாதீர்கள் என்றார். கோயிலுக்குப் போகலாமா என்று மாமியார் கேட்டார். "தாராளமாப் போங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க" என்றார். அதில் மாமியாருக்குப் பெரிய நிம்மதி.

மாத்திரை வாயை உலர்த்தியது. பல நாள் ஒன்றுமே மாறவில்லை. வாரம் ஒருமுறை மாமியாரும் நானும் பஸ் ஏறிப் போவோம். அந்த அறையில் உட்கார்ந்து பேசுவேன். சில வாரம் பேச ஒன்றும் இருக்காது. அப்போது அவரும் பேசாமல் இருப்பார். பயந்து விலகிய காரியங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யச் சொன்னார். நினைப்பு வந்தால் விரட்ட வேண்டாம், வந்தது வந்தபடி இருக்கட்டும், கையிலிருக்கும் வேலையைச் செய்யுங்கள் என்றார்.

முதல் காரியம் குழந்தையைக் குளிப்பாட்டுவது. நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். மாமியார் குழந்தையை என் கால்கள் மேல் கிடத்தினார். வெந்நீர்ப் பானையிலிருந்து ஆவி எழுந்து எங்கள் மூவரையும் மூடியது. நினைப்பு வந்தது. 

"வருதுங்க அத்தே" என்றேன்.

"வந்தா வரட்டும். நாந்தான் தண்ணி ஊத்தறேனில்ல, நீ தேச்சு உடு அம்மணி" என்றார்.

தேய்த்தேன். முதுகு, தொடை, மடிப்பு மடிப்பான கழுத்து. ஆவிக்குள் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. பிறகு காற்று அடித்து ஆவி விலகியது. கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தான். அவன் புருவம் என் அப்பாவின் புருவம். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. யாருடைய குழந்தை என்று இனிமேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கே குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வந்தன. தை மாதம் டாக்டரின் அறையிலிருந்து இறங்கி, டவுனில் ஒரு ஹோட்டலில் தண்ணீர் குடித்தேன். சிறுவாணித் தண்ணீர். இனித்தது. இன்னொரு தம்ளர் கேட்டேன். மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பங்குனியில் நானும் என் வீட்டுக்காரரும் குழந்தையோடு கிணற்றுத் தடத்தில் நடந்து தறிக் கொட்டகைக்குப் போனோம். அவர் விளிம்புப் பக்கமாக நடந்து வந்தார். 

இரண்டாவதாக மகள் பிறந்தபோது அது மறுபடி வந்தது. தென்னங்கீற்றைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்த அன்றைக்கே அடையாளம் கண்டுகொண்டேன். "ஏனுங்க, எனக்கு அது வருதுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் இருந்தோம். இந்த முறை சீக்கிரமே தெளிந்தது.

அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பந்தியில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர், தன் மருமகள் பிரசவத்துக்குப் பின் யாரிடமும் பேசுவதில்லை, திமிர் என்று குறைப்பட்டுக்கொண்டார். என் மாமியார் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"திமிரெல்லாம் இல்லீங்க. என்ற மருமகளுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மனசுல நோவு. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டினோம், தேவலையாயிருச்சு. இதா உக்காந்திருக்குது பாருங்க."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடானது. ஆனால் நான் குனியவில்லை. அந்தப் பெரியம்மா இலையிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

"அங்க போறதுக்கு எந்த பஸ்ஸுங்க ஏறோணும்?"

சொன்னேன்.