ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு விருந்து

கல்யாணத்துக்கு மாமனார் வரவில்லை. தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோனவர், காற்றில் மாட்டிக்கொண்டார். ஒருவழியாகத் தூத்துக்குடி வந்து இறங்கியதும் போன் செய்தார்.

“மாப்பிள்ளை, ஒரு மாசம் இங்கனதான் இருப்பேன். ரெண்டு பேரும் சேந்து பெரியதாழை வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடணும்.”

அன்று எங்கள் இருவருக்கும் ஆஃப். அவரோ சரக்கு இறக்குவதில் இருந்தார். எனக்கு அனல்மின் நிலையத்தில் எட்டு நாளுக்கு ஒரு ஆஃப். மனைவி நர்ஸ், ஆறு நாளுக்கு ஒன்று. இனி எப்போது சேர்ந்து வரும்? நான் பி.எஸ்சி. கணிதம். தாளே எடுக்கவில்லை.

“ஆறெட்டு நாப்பத்தெட்டு. சரியா ஒரு மண்டலம்!”

நாட்டு மருந்தானாலும் விரதமானாலும் நாற்பத்தெட்டு நாள் கேட்கிற ஊரில், இப்படி ஒரு விடை வந்தால் யார் சரிபார்ப்பார்கள்? மாமனார், “சரி, அடுத்த நடைக்குப் பாப்போம்” என்றார். குரல் இறங்கிவிட்டது. மனைவி அழுதாள். நான் கணிதத்தின் பக்கம் உறுதியாக நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம்.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் அவள் காலண்டரோடு வந்தாள்.

“எங்க வார்டுல ஒரு ஊசி ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா, இன்னொன்னு எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. ரெண்டும் மறுநாளே சேந்து வந்திருது. நீங்க என்ன மண்டலம்னு சொல்லுதீங்க?”

காலண்டரின் பின்பக்கத்தில் எழுதியும் காட்டினாள். எட்டு என்பது 2×2×2. ஆறு என்பது 2×3. ஆறில் உள்ள இரண்டு, எட்டிலேயே இருக்கிறது; மூன்றை மட்டும் சேர்த்தால் போதும். இருபத்து நான்கு. அந்த ஒரு இரண்டை நான் இரண்டு தடவை பெருக்கியிருந்தேன். யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் எந்த யானையும் ஆறாம் வகுப்பு மீ.சி.ம.வில் சறுக்கியதில்லை.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. அந்த இருபத்து நான்காம் நாள் ஆஃபை, தன் மச்சினனின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போகவேண்டிய, கூட வேலை பார்க்கும் அண்ணாச்சிக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்திருந்தேன். மறுநாள் என் தப்புக் கணக்கையும் சொல்லி, அவர் காலில் விழாத குறை.

“பால்காய்ச்சு விடியக்காலம்தான வே, முடிச்சிட்டு மதிய ஷிப்டுக்கு நானே வந்திருதேன்” என்றார்.

நன்றி பொங்கி, “உங்க மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு நான் சொல்லித் தாரேன் அண்ணாச்சி” என்றேன்.

“நீரு வேண்டாம். உம்ம பொஞ்சாதிய அனுப்பும்.”

பெரியதாழையில் மாமனார் எங்களை அருகருகே உட்காரவைத்து, தன் கையாலேயே சீலாமீன் குழம்பு ஊற்றினார். மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். இதைத்தான் நான் அடுத்த நடைக்குத் தள்ளிப்போடப் பார்த்தேன்.

“அடுத்தாப்புல நான் கரைக்கு வரும்போதும் ரெண்டு பேருக்கும் ஆஃப் சேந்து வருமா மாப்பிள்ளை?”

வாயைத் திறந்தேன். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“அவகிட்ட கேளுங்க மாமா” என்று சொல்லிவிட்டு, மீனில் முள் எடுக்க ஆரம்பித்தேன்.