நான்காவது விதி

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஆபீஸ் என்றால் நாலு மேஜை, இன்டர்நெட் வரும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அந்த ஒன்றுக்குப் பதினான்கு பக்கம் விதிமுறை! முதலாளியின் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து கொண்டுவந்தார். அத்தனையும் இங்கிலீஷ். ஒன்பதாம் பக்கத்தில் வேறு ஏதோ கம்பெனியின் பெயர் அப்படியே கிடந்தது. அடுத்த வீட்டுப் பத்திரிகையைக் கொடுத்து நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் மாப்பிள்ளை. யார் படித்தார்கள்? சொந்த வேலைக்கு இன்டர்நெட் பார்க்கக் கூடாது என்பதும், நான்காவது விதியும்தான் என் கண்ணில் பட்டன. உங்கள் பாஸ்வேர்டை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்றது நான்காவது விதி. முதலாளி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு எதற்கு விதி!

எங்கள் ஆபீஸ் வழக்கமே வேறு. டைப் அடிக்கும் அக்கா காலையில் முதல் ஆளாக வந்து, மானிட்டருக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, தன் பெயரில் கம்ப்யூட்டரைத் திறப்பார். சாயங்காலம் அவரே மூடும்வரை அதே பெயரில்தான் எல்லோரும் உட்காருவோம். "மறுக்கா மறுக்கா எதுக்குப் பூட்டித் தொறக்கறது?" என்று முதலாளியே சொல்லிவைத்தது. மத்தியானம் அக்கா பின்தெருவிலிருக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அந்நேரம் முதலாளி உட்கார்ந்து சின்ன மகனுக்குப் பெண் தேடுவார். அவர் எழுந்ததும் நான் கிரிக்கெட் பார்ப்பேன்.

ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளை மறுபடி வந்தார். கம்ப்யூட்டரில் என்னென்ன பார்த்திருக்கிறது என்று பட்டியல் எடுத்து, அக்காவைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே வாசித்தார். கல்யாண வரன் பக்கம், கிரிக்கெட், மறுபடி வரன், கிரிக்கெட். எல்லாம் அக்கா பெயரில், எல்லாம் மத்தியானம்.

"என்னங்க இதெல்லாம்?"

அக்கா முதலாளியைப் பார்த்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். நான் ஸ்டேப்ளருக்குப் பின் போட்டுக்கொண்டிருந்தேன், அதில் ஏற்கெனவே பின் இருந்தும். அக்கா சம்பளத்தில்தான் அவர் மகள் நர்சிங் படிக்கிறாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"நானில்லைங்க" என்று மட்டும் சொன்னார். யாரென்று சொல்லவில்லை.

"நாளையிலிருந்து வர வேண்டாங்க" என்றார் மாப்பிள்ளை. அக்கா வழக்கம்போலக் கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளையும் பெங்களூர் பஸ் ஏறினார். பெரிய காரியம் முடித்துவிட்டார் பாருங்கள்!

மறுநாள் காலை கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது. யாருக்குத் தெரியும்? பண்ணைகளின் ஆர்டரெல்லாம் ஈமெயிலில், வாசலில் லாரி. மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்துக் கத்தினார்: "அந்த அம்மிணிக்குப் போனைப் போடு. கேட்டு வாங்கு."

வெட்கமே இல்லாமல் போட்டேன். "அக்கா, அந்த பாஸ்வேர்டு..."

"அதை ஆரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்களே, சாமி."

எதிரே முதலாளி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க கிரிக்கெட் பாத்ததைக்கூட நான் ஆருகிட்டயும் சொல்லலைங்க" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டார்.